அந்நிய தேசத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் குடும்பம்
(ஞானோபதேசப் பாடம்)



நம் மஞ்சக்குப்பத்திலும் கடலூர் சுற்றுப்பக்கத்திலும், பிழைப்புக்காகக் கடல் கடந்து போன மகனோ மருமகளோ இல்லாத குடும்பங்கள் குறைவு. முன்காலத்தில் நம்மவர்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரையில் அந்த வழியாய் ஓடிற்று. இப்போது துபாய், குவைத், கத்தார், சவூதி என்று ஆகாய வழியாய்ப் போகிறார்கள். கப்பல் மாறினாலும் ஒன்று மாறவில்லை. அது காத்திருப்பு. விசேஷமாய் அந்நிய மண்ணில் ஒரு குழந்தை பிறந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு காகிதங்களுக்காகக் காத்திருப்பது, திடமான விசுவாசமுள்ளவர்களையும் சோதித்துவிடுகிறது. இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

1. கஷ்டம் எப்படிப்பட்டது?

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். புருஷனுக்கு வளைகுடாவில் வேலை. மனைவி அங்கேயே பிள்ளை பெறுகிறாள். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஊரில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாயிற்று. "மூன்றாம் மாதம் குழந்தையோடு வந்துவிடுகிறோம்" என்று சொல்லியாயிற்று. பிறகுதான் வேலை ஆரம்பமாகிறது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டைக் கொண்டுபோய் அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் கொண்டு நமது தேசத்தின் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்து, குழந்தைக்குத் தனியாய்ப் பாஸ்போர்ட் பெற வேண்டும். பாஸ்போர்ட் வந்தபின் அந்நாட்டில் தங்குவதற்கு உத்தரவு வாங்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் அடுத்தது நகராது. வளைகுடா நாடுகளில் பிறந்ததனால் மட்டும் நம்மவர் பிள்ளைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆகையால் இந்தக் காகிதங்கள் இல்லாமல் தாயின் மடியிலுள்ள குழந்தை விமானம் ஏற முடியாது.

இதில் நம்முடைய பெயர்களே பெரிய இடைஞ்சலாகிவிடுகின்றன. நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுகிறவர்கள். அந்நிய நாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. ஞானஸ்நானக் குறிப்பில் ஜோசப், பள்ளிக்கூடச் சான்றிதழில் சூசை, கலியாணச் சான்றிதழில் சூசைராஜ், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து வேறொரு எழுத்துக்கூட்டல். நாலும் ஒரே மனுஷன் என்று நமக்குத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஓர் எழுத்தைத் திருத்த ஒரு மாதம், சில சமயம் பல மாதம் போய்விடும். அதற்குள் குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, உட்காரவும் ஆரம்பித்துவிடுகிறது. ஊரில் ஆயாவும் தாத்தாவும் செல்போன் கண்ணாடியில்தான் அதைப் பார்க்கிறார்கள்.

2020-ம் வருஷம் இந்தக் கஷ்டம் உலகம் முழுவதையும் பிடித்தது. கொரோனா நோயினால் அந்த வருஷம் மார்ச் மாதத்தில் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7-ந் தேதிதான் வந்தே பாரத் என்ற ஏற்பாட்டின்படி நம்மவர்களை அழைத்துவர முதல் விமானங்கள் வந்தன. மாலத்தீவிலிருந்து கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் 698 பேரை ஏற்றிக்கொண்டு மே 10-ந் தேதி கொச்சித் துறைமுகம் வந்தது. அவர்களில் 19 பேர் கர்ப்பிணிகள். அதே கப்பல் ஜூன் மாதம் கொழும்பிலிருந்து 685 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் திரும்பவும் ஓட ஆரம்பித்தது 2022 மார்ச் 27-ந் தேதி. இரண்டு வருஷம்! அந்த இரண்டு வருஷத்தில் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிய பிறகே பாட்டன் பாட்டியைக் கண்ட பிள்ளைகள் உண்டு. பார்க்காமலே கண்மூடிய பாட்டன்மாரும் உண்டு.

இப்படிப்பட்ட நேரத்தில், "சர்வேசுரன் எங்களை மறந்துவிட்டாரா?" என்ற கேள்வி எழுவது அதிசயமல்ல. கேள்வி எழுவது பாவமும் அல்ல. அதற்கு எங்கே பதில் தேடுகிறோம் என்பதே காரியம்.

2. திருக்குடும்பமும் காத்திருந்தது

அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் எல்லோரும் கேட்க ஒருமுறை நிதானமாய் வாசியுங்கள். ஏரோது அரசன் பாலனைக் கொல்லத் தேடுகிறான் என்று சம்மனசானவர் சொப்பனத்தில் அறிவிக்கிறார். அர்ச். சூசையப்பர் இராத்திரியிலேயே எழுந்து பாலனையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்து தேசத்துக்குப் போகிறார். மூட்டை கட்ட நேரமில்லை. உறவினருக்குச் சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எவ்வளவு காலம் அங்கே இருக்க வேண்டும் என்று சம்மனசு சொல்லவில்லை. மறுபடி அறிவிக்கும்வரை அங்கேயே இருக்கும்படி மட்டும் சொன்னார். தேதி கிடையாது, கணக்குக் கிடையாது. எத்தனை மாதம் தங்கினார்கள் என்று சுவிசேஷமும் எழுதவில்லை. மூன்றரை வருஷம் என்பது எஜிப்து தேசத்துக் கிறிஸ்தவர்களின் பாரம்பரியம். ஒவ்வொரு நாளும் "இன்றைக்கு உத்தரவு வருமா?" என்று காத்திருந்த வீடு அது. அந்த வீட்டிலே கைக்குழந்தையாய் இருந்தவர் உலக இரட்சகர்.

இரண்டாவது, சூசையப்பர் சும்மா இருந்துகொண்டு காத்திருக்கவில்லை. எஜிப்தில், விசேஷமாய் அலெக்சாந்திரியா பட்டணத்தில், அக்காலத்தில் யூதர்கள் பெருந்தொகையாய் இருந்தார்கள். அவர் தச்சர். கைத்தொழில் அறிந்தவர் அந்நிய ஊரில் வேலை தேடி, வாடகை கொடுத்து, பாஷை தெரியாத கடைத்தெருவில் சாமான் வாங்கித் தம் குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார் என்று எண்ணுவதில் தப்பில்லை.

மூன்றாவது, திரும்பி வருவதும் நினைத்தபடி ஆகவில்லை. ஏரோது இறந்தபின் உத்தரவு வந்தது. புறப்பட்டு வந்தார்கள். வரும் வழியில் ஏரோதின் மகன் அர்க்கெலாவுஸ் யூதேயாவை ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு, போக நினைத்த இடத்துக்குப் போகாமல் கலிலேயாவிலுள்ள நாசரேத்துக்குத் திரும்பினார்கள். உத்தரவு கிடைத்தபிறகும் இன்னொரு தடை! இவ்வளவுக்கும் சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை. அவர் எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், தங்கினார், திரும்பினார். அவ்வளவுதான்.

1952-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர், தேசம் விட்டுத் தேசம் போகிறவர்களின் ஞானக் காரியங்களைப் பற்றி ஒரு பெரிய நிருபம் வெளியிட்டார். நாடு விட்டுப் போகும் எல்லாக் குடும்பங்களுக்கும், எஜிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பமே மாதிரியும் ஆதரவும் என்று அதன் தொடக்கத்திலேயே போதித்தார். 2020 டிசம்பர் 8-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டைத் தொடங்கி எழுதிய நிருபத்திலும், சொந்த மண்ணை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்கு அர்ச். சூசையப்பரை விசேஷ பாதுகாவலராகக் காட்டினார்.

3. சில கேள்விகளும் பதில்களும்

தாமதம் எல்லாம் சர்வேசுரனுடைய சித்தமா?

ஒரு குமாஸ்தாவின் அசட்டையையோ, நாம் தப்பாய் நிரப்பிய படிவத்தையோ சர்வேசுரன் தலையில் போடக் கூடாது. மனுஷருடைய பிழையை அவர் அனுமதிக்கிறார். அதைத் தம் பிள்ளைகளின் நன்மைக்குத் திருப்பவும் அவரால் முடியும். ஆகையால் செய்ய வேண்டியதைச் செய்து, நம் கைக்கு எட்டாததை அவர் கையில் விடுவதே விசுவாசம். விண்ணப்பம் போடாமலே வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பது பொறுமை அல்ல, சோம்பல்.

அப்படியானால் அலுவலகத்தில் போய்க் கேட்பது அவிசுவாசமா?

இல்லவே இல்லை. நியாயமில்லாத நடுவனிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்ட விதவையை நம் ஆண்டவரே உவமையில் காட்டியிருக்கிறார். மரியாதையாய், ஆனால் விடாமல் கேளுங்கள். கொடுத்த காகிதத்துக்கு நகலும், கட்டிய பணத்துக்கு ரசீதும், பேசியவர் சொன்ன தேதியும் ஒரு நோட்டில் இருக்கட்டும். நம் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தில் பின்னால் செய்த திருத்தத்தின்படி, 2004 டிசம்பர் 3-ந் தேதி முதல் வெளிநாட்டில் பிறக்கும் நம்மவர் பிள்ளையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டியிருக்கும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

சீக்கிரம் முடிய இலஞ்சம் கொடுக்கலாமா, ஒரு பொய்க் காகிதம் வைக்கலாமா?

கூடாது. ஆபிரகாம் பிதாப்பிதா தம் 75-ம் வயதில் வாக்குத்தத்தத்தை நம்பிப் புறப்பட்டார். ஈசாக் பிறந்தபோது அவருக்கு வயது 100. இருபத்தைந்து வருஷக் காத்திருப்பின் நடுவில் அவரும் சாராளும் பொறுக்கமாட்டாமல் ஆகார் என்னும் அடிமைப் பெண்ணின் வழியாய்ப் பிள்ளை தேடினார்கள். அந்தக் குறுக்கு வழியினால் அந்த வீட்டில் உண்டான சண்டையும் கண்ணீரும் ஆதியாகமத்தில் எழுதியிருக்கிறது. அழுதது யார்? ஆகாரும், தண்ணீரில்லாத வனாந்தரத்தில் அவள் பிள்ளையும். குறுக்கு வழியின் கூலியை அநேகமாய்க் குழந்தைகளே கொடுக்கிறார்கள். பொய்க் காகிதத்தோடு ஆரம்பிக்கும் பிள்ளையின் வாழ்வும் அப்படித்தான். ஒருநாள் அது பிடிபடும்; அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பிள்ளை.

"இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிற ஏஜெண்டை நம்பலாமா?

எரேமியாஸ் தீர்க்கதரிசி காலத்தில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களைப் பற்றி, அனானியாஸ் என்னும் பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றான். எல்லோருக்கும் அது இனிப்பாய் இருந்தது. எரேமியாஸோ எழுபது வருஷம் என்று உண்மையைச் சொன்னார். அதோடு நிற்காமல் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அங்கேயே வீடு கட்டவும், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடவும், பிள்ளை குட்டிகளைப் பெற்றுப் பெருகவும், தாங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் சொன்னார். இது நமக்கு நல்ல புத்தி. இனிப்பான பொய்யை நம்பி ஏமாறுவதைவிட, கசப்பான உண்மையை ஏற்று இன்றைய நாளை ஒழுங்காய் நடத்துவது மேல்.

4. காத்திருக்கும் வீட்டில் நுழையும் சோதனைகள்

பசாசு பெரிய பாவத்தோடு வாசலில் வந்து நிற்பதில்லை. அலுப்பு என்னும் ஜன்னல் வழியாய் நுழைகிறது.

முதலாவது, முறுமுறுப்பு. நாள்முழுதும் குறைசொல்லிக் குறைசொல்லி, கிடைத்திருக்கும் நன்மையும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். சுகமாய்ப் பிறந்த குழந்தை மடியில் இருக்க, வராத காகிதத்தைப் பற்றியே பேச்சு.

இரண்டாவது, கோபம். அலுவலகத்தில் காட்ட முடியாத கோபத்தைப் புருஷன் வீட்டில் மனைவியிடம் காட்டுகிறான். பகலெல்லாம் ஒரே அறையில் குழந்தையோடு அடைபட்டுக் கிடந்தவள் திருப்பிச் சொல்கிறாள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. புருஷன்மாரே, அந்நிய ஊரில் உங்கள் மனைவிக்குத் தாயும் தமக்கையும் பக்கத்து வீட்டுக்காரியும் எல்லாம் நீங்களே. இராத்திரி ஒருவேளையாவது குழந்தையை நீங்கள் வாங்கித் தோளில் போட்டு உலாத்துங்கள். அதுவும் ஜெபந்தான்.

மூன்றாவது, ஜோசியமும் தாயத்தும். "குழந்தை பிறந்த நேரம் சரியில்லை" என்று யாராவது சொல்லுவார்கள். கிறிஸ்தவன் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சர்வேசுரன் உண்டாக்கிய நேரங்களில் கெட்ட நேரம் கிடையாது.

நான்காவது, பூசையை விட்டுவிடுவது. "ஊருக்கு வந்து எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். தேவாலயங்கள் அங்கேயும் இருக்கின்றன. அபுதாபியில் அர்ச். சூசையப்பர் பேராலயம் உண்டு. குவைத்தில் திருக்குடும்பத்தின் பெயராலேயே பேராலயம் உண்டு. பாஹ்ரேனில் அராபியாவின் தேவதாய்க்குக் கட்டிய பேராலயம் 2021 டிசம்பர் 10-ந் தேதி அபிஷேகமாயிற்று. சிங்கப்பூரில் நம் தமிழருக்கென்று எழும்பிய லூர்து மாதா கோயில் 1888 முதல் நிற்கிறது. கூலிக்குப் போன ஏழைத் தமிழர்கள் முதலில் தேடினது பீடத்தை என்பதற்கு அது சாட்சி. கோயில் இல்லாத சவூதி போன்ற இடத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சுவிசேஷத்தை வாசித்து, ஜெபமாலை சொல்லி, ஆசையினால் நன்மை வாங்கட்டும்.

5. ஞானஸ்நானத்தைத் தாமதிக்காதேயுங்கள்

இந்தப் பாடத்தில் முக்கியமானது இதுவே. காகிதம் தாமதமாவது நம் கையில் இல்லை. ஞானஸ்நானம் தாமதமாவது நம் கையில் இருக்கிறது. "நம்ம கோயில்லதான் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணும், அதுவரைக்கும் பொறுத்திருங்க" என்று ஊரிலிருந்து பெரியவர்கள் சொல்லுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பயணம் தள்ளிப்போகப் போக, பிள்ளை ஒரு வயது, இரண்டு வயது என்று தேவ இஷ்டப்பிரசாதம் இல்லாமல் இருக்கிறது.

திருச்சபையின் சட்டம் தெளிவாயிருக்கிறது. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் கவலை எடுக்க வேண்டும். சாவுக்கு ஏதுவான நிலையில் இருந்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது (சட்டம் 867). ஆகையால் நீங்கள் இருக்கும் ஊரின் கோயிலிலேயே கேளுங்கள். உங்கள் கலியாணச் சான்றோ, பங்கிலிருந்து ஒரு கடிதமோ கேட்பார்கள். எங்களுக்கு எழுதினால் உடனே அனுப்பிவைக்கப்படும். ஞானத்தாய் ஞானத்தந்தை இருவரும் வேண்டுமென்றில்லை. ஒருவர் இருந்தாலும் போதும். அவர் உறுதிபூசுதல் பெற்றவராயும், சாதாரணமாய் 16 வயது நிறைந்தவராயும் இருக்க வேண்டும். மாமனையோ சித்தியையோதான் வைக்க வேண்டும் என்றால், அவர்களுக்குப் பதிலாய் அங்கே ஒருவர் நிற்க ஏற்பாடு செய்யலாமா என்று அவ்விடத்துக் குருவானவரைக் கேளுங்கள்.

ஞானஸ்நானம் எந்தப் பங்கில் நடந்ததோ அந்தப் பங்கின் புஸ்தகத்திலேயே எழுதப்படும். பிள்ளை வளர்ந்து கலியாணம் பேசும்போது அந்த இடத்திலிருந்தே சான்று வர வேண்டும். ஆகையால் கோயிலின் பெயர், தேதி, பதிவு எண் மூன்றையும் அப்போதே வாங்கிப் பத்திரமாய் வையுங்கள்.

அவசர ஆபத்தில், குருவானவர் கிடைக்காத இடத்தில், தாயோ தகப்பனோ தாதியோ யாராகிலும் திருச்சபையின் கருத்தோடு தண்ணீர் ஊற்றி, ஞானோபதேசத்தில் படித்த வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்த வார்த்தைகளை வெளிநாடு போகும் ஒவ்வொருவரும் மனப்பாடமாய் வைத்திருக்க வேண்டியது கடமை.

ஊருக்கு வரும்போது பிள்ளையை இங்கே நம் கோயில் பீடத்தண்டை கொண்டுவாருங்கள். ஆசீர்வாதம் பெறட்டும். ஆயாவும் தாத்தாவும் அப்போது சந்தோஷப்படட்டும்.

6. ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு

"எப்பதான் வரப்போறீங்க? என் கண்ணு மூடுறதுக்குள்ள புள்ளையக் காட்டுவீங்களா?" என்று ஒவ்வொரு இராத்திரியும் போனில் கேட்கிற தாய்மாரே, உங்கள் ஏக்கம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. கேட்கக் கேட்க அவர்கள் நெஞ்சில் பாரம் ஏறுகிறது. பிறகு போனை எடுக்கவே பயப்படுகிறார்கள்.

தேவாலயத்தில் காத்திருந்த சிமியோனையும் அன்னம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிமியோன் ஆயுள் முழுதும் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தார். கையில் ஏந்தினது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் அவருக்குப் போதுமாயிருந்தது. அன்னம்மாளின் கதையில் சுவிசேஷம் 84 என்ற வருஷக் கணக்குச் சொல்லுகிறது. உபவாசத்தாலும் ஜெபத்தாலும் அவள் அந்தக் காலத்தை நிரப்பினாள். நீங்களும் போனில் புலம்புகிற நேரத்தில் பாதியை ஜெபமாலைக்குக் கொடுங்கள். பிள்ளைகளிடம் பேசும்போது, "கவலப்படாதீங்கப்பா, நாங்க வேண்டிக்கிறோம், புள்ளைக்கு இன்னிக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை நூறு மைல் நடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்ததுபோல் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுடைய ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று, கலியாணச் சான்று இவைகளில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலிருக்கும் நீங்கள் இன்றே எடுத்துப் பாருங்கள். கலியாணத்துக்கு முன்னே, பயணத்துக்கு முன்னே திருத்திக்கொண்டால், பேரக்குழந்தையின் முகத்தைச் சில மாதம் முன்னதாகவே பார்க்கலாம்.

தீர்மானங்கள்

(1) வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் சில வாரங்களுக்குள் அங்கேயே ஞானஸ்நானம் பெறச் செய்வோம்.
(2) செய்ய வேண்டிய விண்ணப்பத்தைக் கெடுவுக்குள் உண்மையாய்ச் செய்வோம். இலஞ்சமும் பொய்யும் தொடமாட்டோம்.
(3) எவ்வளவு களைத்திருந்தாலும் இராத்திரி புருஷனும் மனைவியும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, பரலோக மந்திரமும் அருள்நிறைந்த மந்திரமும் ஒன்றாய்ச் சொல்லுவோம்.
(4) ஊரிலிருக்கும் நாங்கள், கடல் கடந்து காத்திருக்கும் குடும்பங்களுக்காகப் புதன்கிழமைதோறும் அர்ச். சூசையப்பரை மன்றாடுவோம். செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு, இடம் பெயர்ந்தவர்களுக்காகத் திருச்சபை முழுவதும் வேண்டிக்கொள்ளும் நாள். அன்று அவர்களுக்காகப் பூசை கண்டு நன்மை வாங்குவோம்.

ஜெபம்

தேவபாலனை இராத்திரியில் தோளில் சுமந்து அந்நிய தேசம் போன அர்ச். சூசையப்பரே, எங்கள் பிள்ளைகள் தூர தேசத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கிறார்கள். உத்தரவு வரும்வரையில் அவர்களைப் பொறுமையில் காத்தருளும். உத்தரவு வந்தபின் அவர்களுடைய பயணத்தைக் காத்தருளும். காத்திருக்கும் காலத்திலும் சேசுவும் மரியாயும் அவர்கள் வீட்டைவிட்டுப் பிரியாதிருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.